சமையலறைப் பக்கத்துச் சுவர்

"உள்ளே ஒருத்தர் சத்தம் போட்டா வெளியே கேக்குமா?"

குளியலறைச் சுவருக்கு பேனல் விற்கும் கடைக்காரர் அந்த அம்மாளை ஒரு தினுசாகப் பார்த்தார். தண்ணீர் புகுமா, பூஞ்சை பிடிக்குமா, எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இது புதுக் கேள்வி.

"இந்த ஷீட்டுக்குப் பின்னாடி ஃபோம் ஒட்டியே வருதுக்கா. தண்ணி ஒரு சொட்டு உள்ளே போகாது, சத்தமும் வெளியே வராது."

"நிஜமா வராதா?"

"தொண்டை கிழியக் கத்தினாலும் வராது."

அவள் விரலை மடக்கி அந்த பேனலைத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். பிறகு பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த, ஃபோம் இல்லாத பேனலையும் தட்டிப் பார்த்தாள்.

அந்தக் கேள்வி யாரை வைத்து என்று நாலடி தள்ளி நின்றிருந்த அவள் கணவருக்குப் புரிந்துவிட்டது. குடியிருப்பில் அவருக்கு 'ஷவர் வித்வான்' என்று பெயர். ஆபீஸில் நாள் முழுக்க வாயைத் திறக்காத மனிதர், காலையில் ஷவரைத் திறந்தால் கூடவே வாயையும் திறந்துவிடுவார். இருபது நிமிடம் ஓயாது. வெளியே எங்கேயும் பாடியதில்லை; அவருக்கென்று இருந்த ஒரே மேடை அந்த ஆறடிக்கு நாலடி இடம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கிருந்து மனைவி இருபத்தாறு வருடமாக மாறாமல் தரும் விமர்சனம் இது: "தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருக்கு!"

சுவரை மாற்றுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பழைய டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துப்போய், எத்தனை தேய்த்தாலும் நாலே நாளில் பூஞ்சை திரும்பி வந்தது. இடிக்காமல், தூசி கிளப்பாமல், டைல்ஸ் மேலேயே பேனலை ஒட்டிவிடலாம் என்று தெரிந்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. போன மாதம் கதவு மாறியது, இந்த மாதம் சுவர். புதுக் கதவுக்கு இன்னும் உள்தாழ்ப்பாள் போடவில்லை. கேட்டால், "அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். பழைய கதவு உடைந்த கதையைக் கிளறுவதில் அவருக்கும் விருப்பமில்லை, விட்டுவிட்டார்.

ஆனால் பாட்டுக்கே வேட்டு வைப்பாள் என்று அவர் நினைக்கவில்லை.

"கலரை நீங்களே சொல்லுங்க" என்றாள், கடைசி ஆசையைக் கேட்பது போல.

"வெளிர்பச்சை" என்றார்.

அவர் கடை வாசலுக்கு வந்த பிறகும் அவள் வரவில்லை. உள்ளே கடைக்காரரிடம் ஏதோ படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார்.

மறுநாள் பேனல் ஒட்டுபவர் வந்தார். அளந்தார், அறுத்தார், பசை தடவி அழுத்தினார், மூலைகளில் சிலிகான் பூசினார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

"சமையலறைப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் அக்கா தனியா சொல்லியிருந்தாங்க சார். அதே மாதிரி பண்ணிட்டேன்."

என்ன சொன்னாள் என்று வித்வான் கேட்கவில்லை. ஃபோமை இரண்டு அடுக்காகப் போடச் சொல்லியிருப்பாள், வேறென்ன?

"ஒரு நாள் காயட்டும் சார். நாளன்னைக்குக் காலையில ஜம்முன்னு குளிங்க."

அந்தக் காலையும் வந்தது. குளியலறை உண்மையிலேயே ஜம்மென்றுதான் இருந்தது. கறுப்பு இல்லை, ஈர வாடை இல்லை. ஷவரைத் திறந்தார். வழக்கம்போல் பாட்டு தொண்டை வரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டார். திட்டினாலும் இத்தனை வருடம் காதுகொடுத்துக் கேட்டது அவள் ஒருத்திதானே. அவளுக்கும் கேட்காது என்றால் யாருக்காகப் பாடுவது? மனசு விட்டுப்போய், ஊமையாகச் சோப்புப் போட ஆரம்பித்தார்.

முகத்தில் நுரை ஏறியிருந்தபோது கதவு படாரென்று திறந்தது.

"என்னங்க!"

வித்வான் அலறியடித்துத் துண்டைத் தேடினார். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தால், அவள் கையில் கரண்டியோடு ஈரத் தரையில் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு? அடுப்புல ஏதாவது..."

"உங்களுக்கு என்னாச்சு?"

"எனக்கென்ன? குளிச்சிட்டிருக்கேன்!"

அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "அப்பாடா" என்று புதுச் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்தில் கரண்டி பேனலில் இடித்து, டொக்கென்று சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏன் பாடல?"

"பாடினா உனக்குக் கேக்கவா போகுது? அதுக்குத்தானே தட்டித் தட்டிப் பாத்து, ஃபோமை வெச்சு அடைச்சே?" துண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டார். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"அடைச்சது மத்த மூணு பக்கம்தான், அக்கம்பக்கத்துக்காரங்க பாவம்னு." அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சமையலறைப் பக்கம் வெறும் ஷீட்டுதான். அந்தக் கடையிலயே மெலிசா இருந்ததைத் தேடி எடுத்தேன்."

"எதுக்கு?"

"போன மாசம் நீங்க இங்கே மயங்கி விழுந்தது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைச்சீங்க? பாட்டு பாதியில நின்னுது, அதான் ஓடி வந்து கதவை உடைச்சேன். உம்... தகரத்தை இழுங்க, நல்லா சத்தமா இழுங்க!"