பழைய கேமராவின் கோளாறு

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் கேமராவைக் கண்ணில் வைத்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி கலாமணி உட்கார்ந்திருந்தாள். நெற்றி தெரிந்தது. காதில் தோடு தெரிந்தது. சேலைக் கரையின் ஜரிகைகூட இழை இழையாகத் தெரிந்தது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மசமசப்பு.

லென்ஸைத் துடைக்கச் சொன்னான். கடைக்காரர் துடைத்து மாட்டினார். மறுபடி வைத்துப் பார்த்தான். மசமசப்பு அங்கேயே இருந்தது.



கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன் அவன். ஒரு மாதமாக இதே தொல்லை. தாலி கட்டும் படத்தில் மாலை துல்லியமாக இருந்தது, மணப்பெண் மங்கிப் போயிருந்தாள். கேமராவைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தான். நாலு நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று இவன் முடிவு கட்டிக்கொண்டான். பத்து வருடக் கேமரா பின்னே எப்படி இருக்கும் என்று வீட்டிலும் சொல்லிவிட்டான். புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும். இன்று காலை கோயம்புத்தூர் பஸ் ஏறும்போதுகூட அதை நம்பிக்கொண்டுதான் ஏறினான்.

“இது வீடியோவுக்குன்னே செஞ்சதுங்கண்ணா. ஒரு மணி நேரம் ஓடுனாலும் சூடாகாது. போட்டோதான் முக்கியம்னா அந்த இன்னொன்னு. முகத்தப் பெருசாக்குனா இமை முடிய எண்ணலாங்க” என்றார் கடைக்காரர்.

“அதக் குடுங்க.”

இதிலாவது தெரிய வேண்டும் என்று மருதமலை முருகனை வேண்டிக்கொண்டான். கேமரா வாங்க வந்த இடத்தில் முருகனுக்கு என்ன வேலை என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு முறை வேண்டிக்கொண்டான்.

வலது கண்ணில் வைத்தான்.

அதே நெற்றி. அதே தோடு. அதே மசமசப்பு.

அதற்குள் மங்கலாக, பச்சையாக ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. எதிரே இருப்பவரின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் கட்டம். கலாமணி தலையைத் திருப்பினாள். கட்டமும் கூடவே போனது.

அங்கே ஒரு கண் இருக்கிறது. கேமராவுக்குத் தெரிகிறது.

பார்ப்பவரின் பார்வைக்குத் தகுந்தபடி படத்தைத் தெளிவாக்க ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதைத் திருகினான். இந்தக் கோடி வரை. பிறகு அந்தக் கோடி வரை. ஓரத்து எழுத்துகள் மங்கின, தெளிந்தன. நடுவில் ஒன்றும் மாறவில்லை.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் செய்யாத ஒன்றைச் செய்தான். கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினான்.

கலாமணி முழுசாக வந்துவிட்டாள். மூக்குத்தி, மேலுதட்டு வியர்வை, பஸ்ஸில் தூங்காத களைப்பு, எல்லாம்.

நன்றாகத் தெரிந்ததே, அதுதான் அவனை உலுக்கிவிட்டது. இனி எந்தக் கேமராவையும் குறை சொல்ல முடியாது.

அவசரமாகப் பின்பக்கத் திரையைப் பார்த்தான். இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வீடியோவை இப்படித் திரையைப் பார்த்துத்தானே எடுக்கிறார்கள். போட்டோவை விட்டுவிட்டு வீடியோவுக்கு மாறிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

அடுத்த நினைப்பு அதன் முதுகிலேயே வந்தது. நாளைக்கு இடது கண்ணும் இப்படி ஆனால்?

பயமாக இருந்தது. சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்த்தபோது வந்த பயம். கை நடுங்கியது.

திரையில் படம் நடுங்கவில்லை.

“பாத்தீங்களா, கையாட்டம் துளிகூடத் தெரியாதுங்க” என்றார் கடைக்காரர் பெருமையாக.

வீடியோவுக்கு எது, போட்டோவுக்கு எது, இரண்டுக்கும் சேர்த்து எது என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். அவர் சொன்ன ஒன்றும் காதில் ஏறவில்லை. பேச்சு நின்றுவிட்டால் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே போக வேண்டும். வெளியே போனால் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. கடைசியில், பிரிக்காத பெட்டி எடுத்து வருகிறேன் என்று கடைக்காரர் உள்ளே போனார்.

கேமராவைக் கலாமணியிடம் நீட்டினான்.

“நீயும் ஒருக்கா பாரு.”

அவள் அதை முகத்தில் வைத்து அவனைப் பார்த்தாள். “நல்லாத்தானுங்க தெரியுது.”

அவன் இடது கண்ணை மூடிக்கொண்டான். நடுவில் கேமரா எதுவும் இல்லாமல், வெறும் கண்ணால், தன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

அவள் கேமராவைத் தாழ்த்தினாள்.

“எதுக்குங்க ஒத்தக் கண்ணுல பாக்கறீங்க?”

ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவது எப்போதும் அவள்தான். மங்கின படங்களை ஒரு மாதமாக வாயைத் திறக்காமல் ஒதுக்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

கேமராவை மேசைமேல் வைத்தாள். எழுந்து சுற்றிக்கொண்டு வந்து அவன் எதிரே நின்றாள். கடை என்றும் பார்க்காமல், உள்ளங்கையால் அவனுடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

“இப்ப நான் சிரிக்கறேனா, அழுகறேனா? சொல்லுங்க.”

அவன் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

“சிரிக்கற” என்றான்.

பெட்டியோடு திரும்பி வந்த கடைக்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் மறுபடி உள்ளே போனார்.