கடைசி பெஞ்ச்

"அண்ணி, இன்னிக்கு என்ன கேக்கட்டும்? ரொம்ப மக்குக் கேள்வியா, சுமாரான மக்குக் கேள்வியா?"

பக்கத்து அறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே நாத்தனார் குரல் கொடுத்துக் கேட்டாள்.

"உனக்கு நிஜமாவே என்ன தோணுதோ அதைக் கேளு. ஆனா கேக்காம மட்டும் விட்டுடாதடி. துறைத்தலைவர் வகுப்புக்குள்ள வந்து உக்காரப் போறார். இன்னிக்குப் பிள்ளைங்க வாயைத் திறக்கலைன்னா, பாடத்தைப் பதிவு பண்ணிப் போட்டுடலாம், ஆள் எதுக்குன்னு சொல்லிடுவார். அப்புறம் நானும் உன் பக்கத்துல உக்காந்து காஜா எடுக்க வேண்டியதுதான்."

"ஐயோ, உங்க தையலுக்கு யாரு பதில் சொல்றது! கேட்டுடறேன், போங்க."

ஆன்லைன் வகுப்பு தொடங்கிய புதிதில், இயந்திரவியல் விரிவுரையாளரான அண்ணி சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். "புரிஞ்சுதா?" என்றால் மூச்சுவிடும் சத்தம்கூட வராது. மக்கு என்று பேர் வாங்க யாருக்கும் துணிச்சல் இல்லை. முதல் கேள்வி விழுந்துவிட்டால் மற்றவர்களின் கூச்சமும் உடையும் என்று கணக்குப் போட்டாள். 'கடைசி பெஞ்ச்' என்ற பெயரில், முகம் காட்டாமல், நாத்தனாரை மாணவியாக உள்ளே நுழைத்தாள். தையலுக்கு நடுவே அவள் போனில் ஒரு கேள்வியைத் தட்டிவிடுவாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேராவது வாய் திறப்பார்கள்.

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தாள். தையல் மெஷினையே படமாகப் போட்டாள்.

"கால், மிதியை மேலும் கீழும் ஆட்டுது. சக்கரம் சுத்துது. ஊசி மறுபடியும் மேலும் கீழும் குத்துது. புரிஞ்சுதா?"

நிசப்தம். துறைத்தலைவரின் கட்டம் மட்டும் செருமியது.

'கேளுடி, கேளு' என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

திரை ஓரத்தில் எழுத்து விழுந்தது. கடைசி பெஞ்ச்: 'காலும் மேல கீழ. ஊசியும் மேல கீழ. அப்போ நடுவுல சக்கரம் எதுக்கு மேடம், தண்டத்துக்கா?'

யாரோ மைக்கில் களுக்கென்று சிரித்தார்கள்.

"அருமையான கேள்வி! மிதி அடிவரைக்கும் போய்த் திரும்புற அந்த நொடியில கால் தள்ளுமா? சொல்லுங்க."

"தள்ளாது மேடம். அப்போ மெஷின் அங்கயே நின்னுடணுமே?" என்றது ஒரு மாணவனின் குரல்.

"நிக்காதுடா! சக்கரம் கனமா இருக்குல்ல? ஓடின வேகத்துலயே அந்த இடத்தைத் தாண்டி இழுத்துட்டுப் போயிடும்."

'கனமில்லாத சக்கரம் போட்டா?' கடைசி பெஞ்ச் விடுவதாக இல்லை.

கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக முகங்களாயின. நேரம் முடிந்தும் ஒருவரும் கிளம்பவில்லை.

"வகுப்புன்னா இது வகுப்பு!" என்றார் துறைத்தலைவர். "பதிவு பண்ணி வெச்சா இப்படி வருமா? நீங்களே நடத்துங்கம்மா. ஆமா, யாரு அந்தக் கடைசி பெஞ்ச்? கெட்டிக்காரப் பிள்ளை."

"அது... கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்."

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள். "என்னைக் காப்பாத்திட்டடி! அந்தச் சக்கரக் கேள்வியை எங்கிருந்து பிடிச்சே?"

மெஷினை நிறுத்திய நாத்தனாரின் முகம் வெளிறியது. "எந்தக் கேள்வி? மன்னிச்சுடுங்க அண்ணி, சார்ஜ் இறங்கி போன் அணைஞ்சு போச்சு. கதவைத் தட்டினா வகுப்பு கெட்டுடுமேன்னு பயந்து தைச்சுக்கிட்டே இருந்துட்டேன். நான் உள்ளயே வரலை!"

"அப்போ கேட்டது யாரு?"

அண்ணியின் கையிலிருந்த போன் சிணுங்கியது. வகுப்புத் தலைவியின் செய்தி:

'மேடம், தினமும் உங்க மைக்ல தையல் மெஷின் சத்தம் நிக்கும், கடைசி பெஞ்ச் கேள்வி வரும், மறுபடி மெஷின் ஓடும். இன்னிக்கு மெஷின் நிக்கவே இல்ல. அதான் கடைசி பெஞ்ச்ல நாங்க உக்காந்துட்டோம்.'