அறிமுகக் கையெழுத்து

"'ஒரு கையெழுத்துப் போட்டா இந்த அம்மாவுக்கு என்ன சொத்தா கரைஞ்சு போயிடும்?' இதானே நீ மாடி வீட்டுக்காரிகிட்ட சொன்னது?"

வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள் ருக்மிணி. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சந்திரம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"சொன்னேன்தாம்மா. ஒன்பது வருஷமா இந்த வீட்டுல வேலை செய்யறேன். என் பொண்ணைத் தெரியும்னு ஒரு கையெழுத்து. அதுக்கு நாலு நாளா அலைய விடறீங்க."

சந்திரம்மாவின் மகள் சௌம்யா பி.காம். முதல் வருஷம். அரசாங்க ஸ்காலர்ஷிப் வந்திருந்தது. ஆனால் கையில் தரமாட்டார்கள். பேங்க் அக்கவுண்டில்தான் போடுவார்கள். சனிக்கிழமைக்குள் காலேஜ் ஆபீசில் அக்கவுண்ட் நம்பர் கொடுக்காவிட்டால் லிஸ்டிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் பரீட்சை ஃபீஸ் கிடையாது. அப்புறம் கார்மென்ட் ஃபேக்டரிதான்.

இது தொண்ணூற்றாறில். அதே பிராஞ்சில் கணக்கு வைத்திருக்கிற யாராவது 'இவரை எனக்குத் தெரியும்' என்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் புதுக் கணக்கு. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அந்த பிராஞ்சுக்கு வாராவாரம் போய், பித்தளை டோக்கன் வாங்கி, கிழிந்த நோட்டுக்காகக் கேஷியரோடு சண்டை போடும் ஒரே ஆளைத்தான் சந்திரம்மாவுக்குத் தெரியும். ருக்மிணி.

திங்களன்று ருக்மிணியின் கண்ணாடியைக் காணவில்லை. மறுநாள், செவ்வாய்க்கிழமையில் கையெழுத்துப் போடமாட்டாளாம். கான்வென்ட்டில் படித்தவள் கிழமை பார்ப்பதைச் சந்திரம்மா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். புதனன்று, "நாளைக்கு ஏதாவது திருட்டு செக் வந்தா போலீஸ் என் வாசல்லதான் நிப்பான்."

இன்று வியாழன்.

"சரி, சார்கிட்டயே கேட்டுக்கறேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு சந்திரம்மா ஹாலுக்குப் போனாள்.

ருக்மிணியின் கணவர் வெங்கடகிருஷ்ணன் பேப்பரைக் கீழே இறக்கவில்லை. "முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேட் சர்வீஸ். படிச்சுப் பார்க்காம ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டதில்லை. படிச்சுப் பார்த்தா போடத் தோணாது. ஆகல்லம்மா, ஹோகு" என்று கன்னடத்தில் முடியாது, போ என்றுவிட்டார்.

திரும்பி வந்த சந்திரம்மாவின் முகத்தைப் பார்த்து ருக்மிணி பல்லைக் கடித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் சௌம்யா, கையில் ஃபாரத்தோடு. ருக்மிணி அதைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கியே, கேபிடல் லெட்டர்ஸ்னு போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? ஆக்குபேஷன்ல என்னடி இது, 'நில்'? ஒண்ணுமே இல்லையா நீ? ஸ்டூடண்ட்னு எழுது. படிக்கிறேன்னுதானே கவர்மென்ட்காரன் பணம் தரான்?"

தானே அடித்துத் திருத்தினாள். பிறகு ஒரு பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, "ரெண்டு பேரும் வாயைத் திறக்கப்படாது" என்றாள். கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு ஹாலுக்கு நடந்தாள்.

"ஏன்னா, போன் டெட்டுன்னு ஒரு கம்ப்ளெய்ன்ட். கேஸ் ஏஜென்சிக்கு ஒண்ணு. அசோசியேஷனுக்கு ஒண்ணு. பெருக்கல் குறி போட்டிருக்கேன்."

"குடு."

முப்பத்திரண்டு வருஷமும் ஆபீசில் நடந்தது இதுதான். கிளார்க் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைப்பார். குறி இருக்கிற இடத்தில் சார் போட்டுக்கொண்டே போவார். குறி இல்லாத காகிதத்தைத்தான் படிப்பார்.

பேனா ஓடியது. பேப்பரில் கிரிக்கெட் பக்கம் வந்திருந்ததால் கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

சமையலறைக்கு வந்த ருக்மிணி பென்சில் குறியை ரப்பரால் அழித்தாள். கையெழுத்துக்குக் கீழே கணவரின் அக்கவுண்ட் நம்பரை மனப்பாடமாக எழுதினாள். ஃபாரத்தைச் சௌம்யாவிடம் நீட்டினாள்.

"பத்தரைக்குத் திறப்பான். மேனேஜர் ஏதாவது கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்லு, பயந்துக்காதே."

சந்திரம்மாவுக்குச் சிரிப்பும் அடங்கவில்லை, கோபமும் அடங்கவில்லை.

"இத்தனை திருட்டுத்தனம் பண்ணறதுக்கு, முதல் நாளே நீங்க போட்டுக் குடுத்திருக்கலாமேம்மா? எதுக்கு இந்த வீம்பு?"

"கையெழுத்துப் போட்டா போறாது. கீழே அக்கவுண்ட் நம்பர் எழுதணும்."

"எழுதறதுதானேம்மா."

"இருந்தாத்தானேடி எழுத?"

சந்திரம்மா தேய்த்துக்கொண்டிருந்த வாணலியை வைத்துவிட்டாள்.

"வாராவாரம் நான் போறது உங்க சார் எழுதித் தர செக்கை மாத்திண்டு வரதுக்கு. இருபத்துநாலு வருஷமா அதான். போ, இதையும் மாடி வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டு வா."

யாரும் எங்கேயும் போகவில்லை. ருக்மிணி கத்தையின் அடியிலிருந்து இன்னொரு காகிதத்தை உருவினாள். அதே பேங்க் ஃபாரம். பேர், ருக்மிணி. கேபிடல் லெட்டர்ஸ். 'இவரை எனக்குத் தெரியும்' என்ற வரிக்குக் கீழே, வெங்கடகிருஷ்ணனின் கையெழுத்து இன்னும் காயவில்லை.

"உன்னோடதுக்கு அடியில வெச்சுக் குடுத்துடு சௌம்யா" என்றாள், பென்சில் குறியை அழித்து அதே நம்பரை இதிலும் எழுதிக்கொண்டே.

ஹாலிலிருந்து குரல் வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது.

"ருக்கு, மூணு காகிதம்னு சொன்னே, அஞ்சு கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கே. அந்தக் கடைசி ரெண்டையும் இப்படிக் கொண்டு வாயேன், படிச்சுப் பார்க்கறேன்."