கனம் கேட்காத கணக்கு

மானாம்பதி ஏரிக்குக் கீழே, வரப்பின் மேல் வீரம்மாள் நெற்கட்டைச் சுமந்தபடி மறுபடியும் நடந்து வருகிறாள். ஒவ்வோர் அடிக்கும் கதிர்கள் சலசலக்கின்றன. கழுத்து நரம்பு புடைத்து அடங்குகிறது. கட்டின் மேல் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. பனைமரத்தடியில் நிலக்காரர் மகள் சுலோச்சனா, அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கல்லூரியில் கொடுத்த இயற்பியல் பாடம்: ஒருவர் நடக்கும் தூரத்தையும் நேரத்தையும் குறித்து வரைபடம் போட வேண்டும். விசை, எடை எதுவும் இந்தப் பாடத்தில் வராது, நகர்வது மட்டும்தான். களத்துக்குப் போய்க்கொண்டிருந்த வீரம்மாளை நிறுத்தி, ஒரே வேகத்தில் நடந்து காட்டச் சொன்னது சுலோச்சனாதான்.

“இப்ப சரியா இருக்குதா, பாப்பா?” சும்மாட்டிலிருந்து வழியும் வியர்வை வீரம்மாளின் கண்ணில் இறங்குகிறது. துடைக்கக் கை காலியாக இல்லை.

“நடுவுல மெதுவாயிட்ட.” சொன்ன பிறகுதான் சுலோச்சனா கட்டைப் பார்க்கிறாள். “கட்ட எறக்கி வச்சிட்டு நடக்கலாமே. கணக்குக்குக் கட்டு வேணாம்.”

“எறக்குனா திரும்பத் தூக்கிவுட ஒரு ஆளு வேணுமே, பாப்பா.”

வரப்பில் வேறு யாரும் இல்லை. கூலிக்காரியின் கட்டுக்கு நிலக்காரர் வீட்டுப் பெண் கைகொடுத்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சுலோச்சனாவின் காதுமடல் சுடுகிறது. ‘நான் தூக்கிவுடறேன்’ என்பது வாய்வரை வந்து அங்கேயே நிற்கிறது.

வீரம்மாள் கட்டோடு திரும்புகிறாள்.

“பரவால்ல பாப்பா, இன்னொரு தபா நடந்துடறேன். நீ மணியப் பாரு.”

சுலோச்சனா மணியைப் பார்க்கிறாள்.