அடிச்சட்டம்

வீதியோரச் சரளைக் கல்லில் மல்லாந்து படுத்தபடி அவர் மேலே பார்த்தார்.

டிரெய்லரின் அடியில் நெடுக ஓடும் இரும்புச் சட்டம், சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால் வெடித்துக் கீறல் விட்டிருந்தது. மேல் விளிம்பில் தொடங்கிச் சாய்வாக இறங்கியிருந்தது கீறல்.

விரலை வைத்தார். நகம் உள்ளே போனது.

நெடுஞ்சாலையில் ஒரு பாரவண்டி கடந்தது. நிலம் அதிர்ந்தது. கீறல் வாய் திறந்து மூடியது.

விரலை இழுத்துக்கொண்டார்.

எழும்ப மனமில்லை. கல் முதுகில் குத்தியது. சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. ரொறன்ரோவிலிருந்து இவ்வளவு தூரம் ஓட்டிவந்த களைப்பெல்லாம் இப்போதுதான் உடம்பில் இறங்குவதுபோல இருந்தது.

தலைக்கு மேலே பலகையில் காலடி கேட்டது. தவமலர் உள்ளே நடந்துகொண்டிருந்தாள்.

இதையும் அவளிடம் சொல்லவேண்டும்.

கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கினாள். முன்பின் தெரியாதவர்களின் கட்டில்களை விரித்தே அவளுடைய இடுப்பு போனது. வேலையை விட்ட அன்று ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கையெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஹோட்டலிலை மட்டும் படுக்கமாட்டன்."

அதற்காகத்தான் அவர் இந்த டிரெய்லரை வாங்கினார். பிக்கப்புக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற வீடு. கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை. சுவர்கள் பளபளத்தன. அடியில் குனிந்து பார்க்கவேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

டிரெய்லரில் தங்கிய முதல் நாள் காலையில் தவமலர் கட்டிலை ஒழுங்குபடுத்தாமல் எழும்பிப் போனாள். போர்வை சுருண்டபடி கிடந்தது. கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அவள் அப்படி விட்டு அவர் கண்டதில்லை.



அவர் போனில் அழைத்திருந்த இழுவை வண்டிக்காரன் வந்தான். தாடிக்காரன், இளவயது. அவனும் கீழே படுத்துப் பார்த்தான். எழும்பிக் காற்சட்டையைத் தட்டினான்.

"வெல்டிங் செய்யலாமா?" அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"செய்யலாம். பக்கத்திலே பிளக்கும். இரும்பு மெல்லிசு." அவன் ஏதோ தானே உடைத்துவிட்டதுபோல நிலத்தைப் பார்த்தான். "பழைய வாகனங்களை உடைக்கிற இடத்துக்குத்தான் இதைக் கொண்டுபோகவேண்டும். மெதுவாகப் போனால் அதுவரை தாங்கும். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் மோட்டல் இருக்கிறது."

அவர் தலையாட்டினார்.

கதவுவரை நடக்கும்போது எப்படிச் சொல்வதென்று யோசித்தார். சின்னப் பழுது என்று தொடங்கலாம். வேறொன்று வாங்கலாம் என்றும் சொல்லலாம். ஓய்வூதியத்தில் எங்கே வாங்குவது?

கதவைத் திறந்தார்.

தவமலர் கட்டில் விளிம்பில் இருந்தாள். கோட்டுப் போட்டிருந்தாள். சப்பாத்துக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. மடியில் பை. பாஸ்போர்ட், அவருடைய பிரஷர் மருந்து, தண்ணீர், பிஸ்கட், டார்ச்.

அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

புதிதாக வாங்கிய கோப்பைகள் தட்டில் அப்படியே இருந்தன. அவள் தைத்துப் போட்ட திரைச்சீலை யன்னலில் ஆடியது.

"கோப்பையள்?" என்றார்.

"இருக்கட்டும்."

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஊரைவிட்டு நடந்த அன்றும் இப்படித்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர் வீட்டுக்குள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவள் பையோடு வாசலில் நின்றாள். பிறகு பள்ளிக்கூடத்து மண்டபம். மழைக்குத் தறப்பாள் விரித்த கொட்டில். கொழும்பில் வாடகை அறை. ரொறன்ரோவில் யாரோ ஒருவரின் பேஸ்மென்ட்.

ஒவ்வொன்றிலிருந்தும் கிளம்ப அவள்தான் முதலில் ஆயத்தமானாள்.

இறங்க அவர் கை கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

சாத்துப்படவில்லை. பின்பக்கம் தாழ்ந்ததில் கதவு நிலை கோணிவிட்டது.

இன்னொருமுறை தள்ளினாள்.

"விடுமப்பா. எப்பிடியும் உடைக்கத்தானே போறாங்கள்."

அவள் பையை நிலத்தில் வைத்தாள். தோளைக் கதவில் கொடுத்தாள். கம்பளித் தொப்பிக்கு வெளியே நரைத்த முடி காற்றில் பறந்தது. தள்ளினாள். விட்டு மூச்சு வாங்கினாள். மறுபடி தள்ளினாள்.

இழுவை வண்டிக்காரன் ஏரியின் பக்கம் திரும்பி நின்றான்.

அவர் கிட்டப் போனார். அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் தன் தோளை வைத்தார்.

இரண்டு பேரும் தள்ளினார்கள்.

கதவு கிறீச்சிட்டு நிலைக்குள் போய் விழுந்தது. தவமலர் திறப்பைப் போட்டுப் பூட்டினாள். கைபிடியை இழுத்துப் பார்த்தாள். இன்னொருமுறை இழுத்துப் பார்த்தாள். திறப்பைக் கோட்டின் உட்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள். நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரெய்லரைத் தன் வண்டியில் கொளுவி முடித்த இழுவை வண்டிக்காரன் அவரிடம் வந்தான். உள்ளங்கையை நீட்டினான்.

"திறப்பு வேண்டும். அங்கே கேட்பார்கள்."

அவர் பிக்கப்பின் கண்ணாடிக்கூடாக அவளைப் பார்த்தார். அவளுடைய கை கோட்டின் மேல் இருந்தது.

"துலைஞ்சுபோச்சு," என்றார்.

தமிழில் சொன்னது பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார்.

அவன் பூட்டிய கதவைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

கையை மடக்கிக்கொண்டான்.