அரை அங்குலம்

"தைச்சவன் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தைச்சிருக்கான்," என்றார் கிளிஃபர்ட். "அளவெடுத்துக் கொடுத்தது நான். அப்படியும் அரை அங்குலம் குறையுது."

"துணி சுருங்கியிருக்குமோ?" என்றார், காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதர். கிளிஃபர்ட் வந்தபோதே அவர் அங்கேதான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து தைச்சது இன்னைக்குச் சுருங்குமா சார்? இது என்ன, வெந்நீர்ல போட்ட பனியனா?"

இங்கிலாந்தில் லெட்பரி ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. பழைய திறந்த கார்க்காரர்களின் வருடாந்திரக் கூட்டம். முப்பத்தெட்டு வண்டிகள், எல்லாம் ஒரே ரகம், பாதிக்கு மேல் ஒரே பச்சை. சொந்தக்காரர்களும் ஏறக்குறைய ஒரே ரகம்தான். வழுக்கை, அதை மறைக்கத் தொப்பி, மனைவி ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம்.

அங்கே நடக்கும் சிறந்த வண்டிப் போட்டியில் கிளிஃபர்ட் பதினோரு வருடமாக இரண்டாம் இடம். இந்த முறையும் கோப்பை வராவிட்டால் காரை விற்றுவிடுவதாக மனைவி ஐரிஸிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அலமாரியில் கோப்பைக்கென்று ஒதுக்கிய இடத்தில் அவள் ஏற்கெனவே வெங்காய ஊறுகாய் பாட்டிலை வைத்தாயிற்று. புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று மணிக்கு நடுவர் வருவார். துணிக்கூரை போட்டு மூடாத வண்டிக்கு அங்கே மதிப்பெண்ணே கிடையாது. அதனால் புதுக் கூரை தைக்கச் சொல்லி, அதை இந்த மைதானத்துக் கடையிலேயே வாங்கி, தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கியிருந்தார். இப்போது மணி இரண்டு.

துணியை இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தார். கதவுக்குப் பின்னால் கூரையின் பட்டன் மாட்டும் பித்தளைக் குமிழ் டக்கென்று ஒடிந்தது. அதன் தலை புல்லில் போய் விழுந்தது. தண்டு மட்டும் வண்டித் தகட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

"ஒடிஞ்சிடுச்சு போலிருக்கே," என்றார் ஒல்லி மனிதர்.

"அப்படியா? நான் பூத்திருக்குன்னு நெனச்சேன்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"உள்ள இருக்கிற தண்டைத் துளை போட்டு எடுக்கணும். அரை அங்குலம் தள்ளி வேற துளை போட்டுப் புதுக் குமிழ் அடிக்கணும்."

ஒல்லி மனிதரின் டீக் கோப்பை வாய்க்குப் போகும் பாதி வழியில் நின்றது. "தகட்டுலயா? துளையா?"

"பின்ன, பசை போட்டு ஒட்டவா? இதுக்கெல்லாம் துணிச்சல் வேணும் சார். உக்காந்து டீ குடிக்கிறவங்களுக்கு மனசு வராது."

"வாஸ்தவம்தான். எனக்கு நிச்சயமா மனசு வந்திருக்காது."

ஒல்லி மனிதர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய், நாலு வண்டி தள்ளி யாரிடமோ கேட்டு, ஒரு கை டிரில்லும் ஒரு பித்தளைக் குமிழும் வாங்கிக்கொண்டு வந்தார். கிளிஃபர்ட் நன்றி சொல்லவில்லை. டிரில்லின் முனை மழுங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

துளை போட்டார். குறடால் தண்டைப் பிடித்துத் திருகி எடுத்தார். புதுத் துளை போட்டபோது பச்சைப் பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. ஒல்லி மனிதர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"வேடிக்கை பாத்தது போதும். அந்த ஓரத்தைப் பிடிங்க சார். பிடிக்கத்தான் சொன்னேன், வண்டியைத் தடவிக் கொடுக்கச் சொல்லல."

"மன்னிக்கணும். பழக்கதோஷம்."

பன்னிரண்டாவது பட்டனும் சொடுக்கென்று பூட்டியது. கூரை மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நின்றது. கிளிஃபர்டுக்குப் பதினோரு வருட அவமானமும் அந்தச் சொடுக்கில் தீர்ந்த மாதிரி இருந்தது.

"இந்த வண்டிக்கு யாரும் இவ்வளவு செஞ்சதில்ல," என்றார் ஒல்லி மனிதர்.

"சொந்த வண்டிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யறது?"

சொல்லி வைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. குடையும் அட்டையுமாக நடுவர் அம்மா வந்து சேர்ந்தார்.

"இதுதான் கடைசி வண்டி," என்றார். "அடுத்த வரிசையில ஒருத்தர் கூரையே போடாம அம்போன்னு விட்டுட்டுப் போயிருக்கார். சீட்டெல்லாம் குளமா நிக்குது. முட்டை போட்டுட்டு வந்தேன்."

"அந்த மாதிரி ஆளுங்களைச் சங்கத்துல சேர்த்ததே தப்புங்க," என்றார் கிளிஃபர்ட்.

நடுவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஏறி உட்கார்ந்து, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று கண்டுகொண்டு இறங்கினார். அட்டையில் எண்களைக் கூட்டினார்.

"கச்சிதமான வேலை. இந்த வருஷக் கோப்பை இதுக்குத்தான்."

கிளிஃபர்ட் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார். நடுவர் அந்தக் கையைத் தாண்டிப் போய் ஒல்லி மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள், மிஸ்டர் டக்வெல். போன வாரம் கூரை கிழிஞ்சிடுச்சு, இந்த வருஷம் போட்டியில இல்லைன்னு எழுதியிருந்தீங்களே?"

"ஆமாம்மா, எதிர்பாராம உதவி கிடைச்சுது," என்ற டக்வெல், அடுத்த வரிசையில் கூரையில்லாமல் நனையும் பச்சை வண்டியை எட்டிப் பார்த்த கிளிஃபர்டின் பக்கம் குடையைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார். "முதல்லயே சொல்லியிருப்பேன் சார், ஆனா அவ்வளவு மும்முரமா வேலை பாக்கிறவரை நடுவுல நிறுத்தறது மரியாதையா இருக்காதேன்னு விட்டுட்டேன்."