ஒற்றைச் சிரிப்பு

எடின்பரோ முழுக்க ஆகஸ்ட் கலைத் திருவிழாக் கூட்டம் அலைமோதியது. அந்த மதுக்கடையின் நிலவறைக்கு மட்டும் யாரும் இறங்கி வரவில்லை.

அங்கேதான் லாக்லன் பிரிங்கிள் தினமும் மத்தியானம் பாப் இசையின் வரலாற்றைத் தனி ஆளாகப் பாடி, ஆடி, கேலி செய்துகொண்டிருந்தார். அன்று வந்தது ஒரே ஒருவர். கடைசி வரிசை மூலையில் போய் உட்கார்ந்தார். மேடை விளக்கில் கண் கூசியதால் அதற்கு மேல் லாக்லனுக்கு எதுவும் தெரியவில்லை.

"காதலி விட்டுட்டுப் போனா கிட்டார், திரும்பி வந்தா பியானோ. அவ்வளவுதாங்க பாப் மியூசிக்!"

இருட்டிலிருந்து முதலில் ஒரு கனைப்பு. பிறகு வயிறு குலுங்கும் சிரிப்பு.

எழுபதுகளின் தொங்கும் முடிக்குச் சிரித்தார். எண்பதுகளின் செங்குத்து முடிக்கும் சிரித்தார். செத்துப்போன அப்பாவின் ரேடியோவைப் பற்றி லாக்லன் உருகிப் பேசியபோதும் சிரித்தார். 'உள்ளே இருக்கும் கிண்டலைப் பிடித்துவிட்டானே!' என்று லாக்லன் பூரித்துப் போனார்.

முடிந்ததும் அந்த ஆள் மேடைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் பேரு ஈவன் டல்லக். எழுந்திருக்கவே மனசு வரலை சார்."

மறுநாள் காலை மதுக்கடைக்கு இன்ஸ்பெக்டர் மக்கே வந்து நின்றாள்.

"நேத்து மத்தியானம் பக்கத்துத் தெருவுல, நகைக்கடைக்காரரைக் கட்டிப் போட்டுட்டு வைரத்தையெல்லாம் அள்ளிட்டாங்க. டல்லக்னு ஒரு பழைய கேடியைப் பிடிச்சிருக்கோம். அந்த நேரத்துல உங்க ஷோவுல இருந்தேன்னு சாதிக்கிறான்."

"இருந்தாரே."

"வாசல்ல 'அரங்கு நிறைந்த காட்சி'ன்னு போட்டிருக்கு. அத்தனை பேர்ல அவனை எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

லாக்லனுக்கு முகம் சுண்டியது. கவுண்டரில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் மொய்ரா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். 'ஆமாம், நல்ல கூட்டம்' என்று சொன்னால் தன் மானம் தப்பும். ஒரு நிரபராதி உள்ளே போவான்.

"கூட்டமே இல்லை மேடம். அவர் ஒருத்தர்தான். போர்டு… சும்மா வச்சது."

மொய்ரா களுக்கென்றாள்.

"நடுவுல நைசா வெளிய போயிட்டு வந்திருந்தா?"

"எப்படிப் போக முடியும்? ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தார். சிரிப்பு கேட்காதான்னு ஏங்குறவன் மேடம் நான். கோர்ட்டுல வந்தும் சொல்வேன்."

மக்கே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். மத்தியானத்துக்குள் டல்லக் வெளியே வந்து, ஊரைவிட்டே போய்விட்டான்.

அடுத்த நாள் பேப்பரில் லாக்லனின் படம். 'தன் மானத்தை விட்டு அப்பாவியை மீட்ட கலைஞர்!' நிலவறைப் படிக்கட்டு தொடங்கித் தெருமுனை வரை வரிசை நின்றது. நிஜமாகவே அரங்கு நிறையப் போகிறது. லாக்லனுக்கு ஒரே கவலை. இத்தனை பேரும் சிரிக்காவிட்டால்?

அவசரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த மொய்ரா, கடைசி வரிசை மூலை நாற்காலிக்கு அடியில் ஒட்டியிருந்த எதையோ பிய்த்து எடுத்தாள். தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர்.

"என்ன கருமம் இது?" என்று பட்டனை அமுக்கினாள்.

முதலில் ஒரு கனைப்பு. பிறகு வயிறு குலுங்கும் சிரிப்பு.

மொய்ராவின் வாய் பிளந்தது. "ஐயையோ லாக்லன், அந்தப் பாவி நம்மள… போலீஸுக்குப் போன் பண்ணட்டுமா?"

லாக்லன் வெளியே நின்ற வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இருந்த இடத்துலயே ஒட்டு. நான் மேடை ஏறினதும் பட்டனை அமுக்கிடு."